பூசைக்குக் கழுவிய வானம்

கண்ணாடிக் குடுவைக்கு மூன்று பட்டை விபூதி அடித்து, நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். கழுத்தில் சாமந்திச் சரம். தராசு, அடுப்பு, விளக்குமாறு என ஆய்வகத்தின் சகல ஜீவராசிகளும் சந்தனப் பொட்டோடு பக்கத்தில் வரிசை கட்டி நின்றன. சத்யபிரியாவின் கண் அவற்றில் எதன் மேலும் நிற்கவில்லை. குடுவை வழியாகச் சன்னல் கம்பிகள் தெரிந்தன. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, துலக்கமாகத் தெரிந்தது. முந்தாநாள் வரை அதன் வழியாக எதுவும் தெரிந்ததில்லை.

அதுவரை உள்ளே வானம் இருந்தது. முந்நூறு கோடி வருஷத்துக்கு முந்தைய வானம். பிராணவாயு கிடையாது, ஓசோன் கிடையாது. சூரியனின் புற ஊதாக் கதிர் கேட்பாரில்லாமல் இறங்கி மீத்தேனைப் பிய்த்துப்போட, பிய்ந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழுப்பு மூட்டமாகப் பூமியைப் போர்த்தியிருந்திருக்கும், உயிருக்கான சரக்கே அதிலிருந்து இறங்கியிருக்கும் என்கிறார்கள். அந்த வானத்தில் ஒரு லிட்டரை அவள் திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கும் இந்தக் கல்லூரியில் அடைத்து, சூரியனுக்குப் பதில் ஒரு விளக்கைப் பொருத்தி, அறுபத்தொரு நாள் எரியவிட்டிருந்தாள். கடைசியில் குடுவையின் உட்சுவரில் வெல்லப்பாகு நிறத்தில் ஒரு படலம் கட்டியது. பார்த்தவர்கள் அழுக்கு என்றார்கள். அவளுக்கு அதுதான் முனைவர் பட்டம். சேலத்தில் பல்கலைக்கழகக் கருவியில் அதைச் சோதிக்க ஐந்து மாதம் காத்திருந்து திங்கட்கிழமைக்கு நாள் வாங்கியிருந்தாள். தவறினால் அடுத்த தேதி மார்ச்சில்தான். ஆய்வுப் பதிவோ டிசம்பரில் முடிகிறது. பட்டம் வராவிட்டால் வேலை கிடையாது என்று போன வருஷமே கல்லூரியில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். நேற்று அவள் சேலத்துக்குப் போயிருந்தது அந்தத் திங்கட்கிழமைக்கான கடிதத்தை வாங்கத்தான்.

"யாரு கழுவுனது?"

"நாந்தானுங் மேடம்," என்றாள் ஆய்வக உதவியாளர் மயிலம்மாள். முகத்தில் பெருமை தாங்கவில்லை. "லேசுல போவுலீங்க. சோப்புத்தூளு, புளி, சாம்பலு, அத்தனையும் போட்டுப் பாத்துட்டேன். அப்பறம் சேர்மன் ஐயாவே போர் வண்டி ஷெட்டுல இருந்து பெயிண்டு தின்னர் குடுத்து உட்டாரு. ஒரே ஊத்து. பளிங்காட்டம் ஆயிருச்சு."

"தொடக்கூடாதுன்னு சீட்டு ஒட்டியிருந்தனே."

"அது பத்தரமா இருக்குதுங்களே!" மயிலம்மாள் குடுவையைத் திருப்பிக் காட்டினாள். 'தொடாதீர்கள்' என்ற சீட்டை நனையாமல் உரித்தெடுத்து, கழுவி முடித்தபின் அதே இடத்தில் ஒட்டியிருந்தார்கள். நாலு மூலையிலும் சந்தனம். நடுவில் குங்குமம்.

சேர்மன் அங்கமுத்து பூசைத் தட்டோடு உள்ளே வந்தார். ஒன்பது மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டு, தோண்டுவதற்கு வேறு மண் இல்லாமல் கல்வியில் இறங்கியவர். குடுவையில் விளக்கு ஏற்றிய வாரமே பைபாஸில் ஃபிளெக்ஸ் வைத்தார்: 'உயிர் பிறந்த ரகசியம், நம் கல்லூரியில்!' சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் அவர் முகம் இருந்தது. சத்யபிரியா தபால்தலை அளவில் கீழே, 'மற்றும் குழுவினர்' என்பதற்குள் இருந்தாள். ஃபிளெக்ஸைப் பார்க்க அவர் நாலுமுறை போனார். குடுவையைப் பார்க்க வந்தது நேற்றுத்தான்.

"என்ன அம்மிணி, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"நேத்துக் கழுவுன அழுக்குதானுங்கய்யா என்னோட ஆராய்ச்சி."

அவர் மயிலம்மாளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அழுக்கா? பதினாலு வண்டி ஓட்டுனவன் அம்மிணி நானு. ஆயுத பூசையன்னிக்கு ஒரு சொட்டு ஆயில் கறையோட ஒரு வண்டி நின்னதில்ல. சோறு போடற சாமானக் கழுவாமப் பூச போட்டா வெளங்குமா?"

"அறுவத்தியோரு நாளுங்கய்யா. திங்கக்கெழம சேலத்துக்குக் கொண்டு போவோணும்."

"அட, வெயில்பட்டு வந்ததுதான? நீதான அன்னிக்கு மைக்குல சொன்ன. நம்மூரு வெயிலுக்கு என்ன கொறச்சல்? மயிலம்மா, இதத் தூக்கிட்டுப் போயிப் போர்ட்டிகோப் படியில வெய்யி. திங்கக்கெழமைக்குள்ள வந்துரும்."

இது அந்த வெயில் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. அந்தக் கதிரை மேலேயே ஓசோன் வடிகட்டிவிடுகிறது. அதனால்தான் நீங்களும் நானும் வெந்து போகாமல் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் படியில் யுகக்கணக்கில் வைத்தாலும் ஒரு பொட்டு பழுப்பு கட்டாது. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மயிலம்மாள் கும்பிட்ட கையோடு அவளைப் பார்த்தாள்.

"செரிங்கய்யா," என்றாள்.

பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடிக்கப் பதினொரு மணி ஆனது. குடுவை போர்ட்டிகோப் படியில் மாலையோடு உட்கார்ந்திருந்தது. படியேறிய மாணவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி பையை இறக்கி வைத்துவிட்டு நின்று கும்பிட்டாள். தேர்வுப் பயமாக இருக்கும்.

கூட்டம் கலைந்ததும் சத்யபிரியா போய்க் குந்தினாள். வெயில் கண்ணாடிக்குள் புகுந்து மறுபக்கம் வந்து படியில் வட்டமாக விழுந்திருந்தது. அடிவளைவில், வெளிச்சம் சாய்ந்த இடத்தில், விரலகலத்துக்கு ஒரு பழுப்பு. அவள் குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். தின்னர் எட்டாத மூலையாக இருக்கலாம். கருவிக்குத் துளி போதும், கடுகளவு போதும். உட்பக்கம்தானா என்று பார்க்க அந்த இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினாள்.

ஈரமாக, வாசமாக, வெளிப்பக்கத்திலிருந்து வழித்துக்கொண்டு வந்தது. சந்தனம்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. அவள் எழுவதற்குள் சந்தனம் ஒட்டிய அந்த விரல், கேட்காமல் கொள்ளாமல், பழகின வழியில் அவள் நெற்றிக்குப் போனது.