காசம்மாள் என்று ஒருத்தி

சாமிநாதன் சாரைப் பழிவாங்கத்தான் செலின் மேரி அந்த ஆய்வுக் குழுவையே கட்டினாள். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு வருஷம் தன் ஊரான உறுவையாறு கிராமத்தில் நடவுப் பெண்களோடு சேற்றில் நின்று, அவர்கள் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வழிகாட்டி சாமிநாதன். திருத்தித் தருகிறேன் என்று நோட்டுகளை வாங்கிப் போன மனிதர், எண்பத்தெட்டில் தன் பெயரிலேயே கட்டுரையாகப் போட்டுவிட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! கேட்கப் போனவளிடம், அச்சில் வந்ததையே நீயும் எழுதினால் உன்னைத்தான் திருடி என்பார்கள், பட்டம் போய்விடும் என்றார் நிதானமாக.

பேசியவர்களின் பெயரை மாற்றி எழுதுவது அந்த வேலையில் வழக்கம்; செலினும் நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தாள். அவர் கட்டுரை முழுக்கக் கொண்டாடிய ‘காசம்மாள்’ யார் தெரியுமா? செலினைப் பெற்ற அன்னாமேரி. பாவி மனிதருக்கு அது தெரியாது.

செலின் அழுதுகொண்டு உட்காரவில்லை. வரலாறு, பொருளாதாரம், மருத்துவம், நாட்டுப்புறவியல் என்று துறை துறையாக ஏறி இறங்கினாள். புள்ளிவிவரத்தை விட்டு, மனிதர் வாய்ச்சொல்லை நம்பி ஆய்வு செய்தவர்கள் துறைக்கு ஒருவர் இருந்தார்கள். கதை கேட்கிற கூட்டம் என்று கேலிபட்டுத் தனியே கிடந்தவர்கள், கூப்பிட்டதும் ஓடி வந்தார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். குழுவுக்கு ஒரே விதி. எழுதியதை, அதைச் சொன்ன ஜனங்கள் முன்னாலேயே ஒருமுறை வாசிக்க வேண்டும். தலைவர் பதவியைச் சாமிநாதனுக்கே கொடுத்தாள். மாலை என்றால் கழுத்தை நீட்டுகிற ஆள், உடனே ஒப்புக்கொண்டார்.

முதல் வாசிப்பு தலைவரின் அந்தக் கட்டுரைதான். ஆனால் அதை உறுவையாற்றில் வைக்க வேண்டாம், பாகூரிலும் நடவுப் பெண்கள் உண்டே என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? செலின் சரி என்றாள். அம்மாவையும் அப்பா பவுல்ராஜையும் பஸ் ஏற்றிப் பாகூருக்கு அழைத்து வந்து முன் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

காசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் என்று அவர் வாசிக்க ஆரம்பித்தார். நடவு வரிசையில் நிற்கும்போதே வலி கண்டதாம். ஒருத்தி கரையேறினால் வரிசை உடைந்துவிடும், மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நட்டாளாம். கலைந்துபோன ஐந்து மாதப் பிள்ளையை முந்தானைத் துணியில் சுற்றி வரப்போரம் புதைத்தாளாம். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லையாம்.

செலின் எழுந்தாள். அந்தக் காசம்மாள் என் அம்மாதான், இதோ உட்கார்ந்திருக்கிறாள், இவளை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். சாமிநாதன் முகம் செத்துவிட்டது.

“சொல்லும்மா. இவருகிட்டயா சொன்ன?”

“இவுர நான் பாத்ததே இல்ல,” என்றாள் அன்னாமேரி, தலையை நிமிர்த்தாமல். “எம் மவகிட்டதான் சொன்னேன். அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

பன்னிரண்டு பேரும் சாமிநாதனையே பார்த்தார்கள். அவர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். அடடா, எத்தனை நாள் வயிற்றெரிச்சல்! அது ஆறிய சுகத்தில் செலினுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

சிரித்தபடி திரும்பியவள் அப்பாவைப் பார்த்தாள். பெயரை மாற்றி அம்மாவுக்குப் போட்டிருந்த மறைப்பை, பழிவாங்கும் வெறியில் தானே இழுத்துப் போட்டுவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பவுல்ராஜ் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த வரப்புடி?” என்றார்.