சுவரைப் பார்த்த விசிறி

நாற்பத்தொரு ரூபாய் பத்தணா. முகம்மது சுல்தான் ராவுத்தருக்கு மூக்கன் தரவேண்டிய பாக்கி அது. கூரை தீப்பிடித்த வருஷம் பனங்கைக்கும் கீற்றுக்குமாக வாங்கிய கடனில் மிச்சம். ராவுத்தர் வட்டி வாங்குகிறவர் இல்லை. மாதம் ஏழு ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். பிடிக்கிறதற்குச் சம்பளம் என்று ஒன்று இருந்தவரைக்கும் மூக்கனும் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

கவலை, ஒரு சித்திரை மாதம் திருச்சிராப்பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியது. நாகராசு என்று பெயர். மின்சார விசிறி விற்கிற ஏஜெண்டு. புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக் கடைகளில் அப்போதுதான் பல்பு எரியத் தொடங்கியிருந்தது. வைக்கோல் அடைத்த இரண்டு மரப்பெட்டிகளைக் கூலிக்காரன் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து, ராவுத்தரின் நாட்டு மருந்துக் கடையில் இறக்கினார். ஒன்று உத்தரத்தில் தொங்கவிடுகிற பெரிய விசிறி, விலை நூற்றிருபது. இன்னொன்று மேசைமேல் வைக்கிற சின்னது, எழுபத்தைந்து.

"ரெண்டையும் ஓட்டிப் பாருங்க, ராவுத்தரய்யா. பிடிச்சதை வச்சுக்கங்க. ரெண்டுமே பிடிக்கலேன்னா ரெண்டையும் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்றார்.

மூக்கன் அந்தக் கடையில் பங்கா இழுக்கிறவன். முன்கூடத்தில் உத்தரத்திலிருந்து ஒரு தேக்குக் கட்டையும், அதிலிருந்து கனத்த துணியும் தொங்கும். கட்டையில் கட்டிய கயிறு சுவர் ஓட்டை வழியாகப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வரும். அங்கே உட்கார்ந்து, கடை திறந்ததிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை இழுத்து இழுத்து விடவேண்டும். பதினாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. இப்போதெல்லாம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் வலது தோள் விண்ணென்று தெறித்தது. பெண்டாட்டி சின்னப்பிள்ளைக்கு அது தெரியும். ராவுத்தருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டான்.

"என்ன மூக்கா, பங்காவுக்குச் சக்களத்தி வந்துட்டா போல" என்று கணக்கப்பிள்ளை சிவசாமி சீண்டினார்.

"வந்தவ எனக்கும் சோறு போடுவாளான்னு பாப்பமுங்க" என்றான் மூக்கன். வாய்தான் சிரித்தது.

முதலில் பெரிய விசிறி ஏறியது. அது சுற்றத் தொடங்கின மாத்திரத்தில் மேசைமேல் இருந்த சீட்டுகள் அத்தனையும் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தன. சிவசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீதிவரைக்கும் ஓடினார். அதை இறக்கிவிட்டுச் சின்னதை மேசையில் வைத்தார்கள். ராவுத்தர் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், இது நல்லாருக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் வந்தாள். மகளுக்கு ஏழாவது மாசம். குங்குமப்பூ கால் ரூபாய் எடை வேண்டும். ராவுத்தர் தராசுப் பெட்டியைத் திறந்து சின்னத் தராசை எடுத்துத் தூக்கினார். தட்டு இரண்டும் ஊஞ்சல் ஆடின. விசிறியைத் திருப்பி வைத்தார். பூவில் நாலு இழை பறந்து சிவசாமியின் நெற்றியில் ஒட்டியது.

"பூவை நிறுக்கிறீங்களா, காத்தை நிறுக்கிறீங்களா?" என்றாள் பிரகதாம்பாள்.

விசிறியை நிறுத்தினார்கள். ராவுத்தரின் மூக்கு நுனியில் வேர்வை கோத்து நின்றது.

"அதையும் சேத்து எடை போட்டுறாதீங்க, ராவுத்தரே" என்றாள்.

ராவுத்தர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "பங்கா இருந்தப்ப இது ஆடுனதே இல்லையே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "ரெண்டையும் கட்டுங்க நாகராசு. இந்தக் கடைக்குப் பங்காதான்" என்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த மூக்கனுக்கு அது கேட்டது. மறுபடி கயிற்றைக் கையில் எடுத்தான். முதல் இழுப்பிலேயே தோள் தெறித்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். இந்தக் கை இன்னும் ஒரு வருஷம் தாங்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. நிற்கிற அன்றைக்கு வேலையும் போகும், பாக்கியும் தலைமேல் நிற்கும். அன்றைக்கு விற்பதற்குத் தன்னிடம் ஒன்றும் இருக்காது. இன்றைக்கு இருக்கிறது.

கயிற்றை விட்டுவிட்டு முன்கூடத்துக்குப் போனான்.

"மொதலாளி, சின்ன விசிறியை வச்சுக்கிட்டே தராசு ஆடாம நிறுக்கலாமுங்க. வழி எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லு."

"சொன்னா என் வேலை போயிரும். சும்மா எப்படிச் சொல்றது?"

"பங்காக் கயித்தை விட்டுட்டு யாவாரத்தைப் பிடிச்சுட்டான்" என்றார் சிவசாமி.

ராவுத்தருக்குச் சிரிப்பு வந்தது. "என்ன வெலை?"

"என் பாக்கி. நாப்பத்தோரு ரூவா பத்தணா."

"ஒரு வார்த்தைக்கா? கஸ்தூரியைக்கூட நான் அந்த வெலைக்கு வித்ததில்லை, மூக்கா."

"நான் வாயைத் தொறக்கலேன்னா மாசாமாசம் ஏழு ரூவா நீங்க குடுத்துக்கிட்டேதான இருக்கணும்? தொறந்தா அது மிச்சம்."

"கரண்டுக்கு மாசம் மூணு ரூவா ஆகுமாம். அதை ஒங்க மாமனாரா கட்டுவாரு?"

"சரிங்க, மூணைக் கழிச்சுருவோம். மாசம் நாலு ரூவா மிச்சம். பத்து மாசத்துக்கு நாப்பது. நாப்பதைத் தள்ளுங்க. ஒரு ரூவா பத்தணாவை நான் கட்டிடுறேன்."

ராவுத்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தராசு ஆடுனா?"

"பாக்கி அப்படியே நிக்கட்டும். பழையபடி பங்காவை இழுக்கிறேன்."

"தள்ளுனேன். செய்யி."

மூக்கன் நாகராசுவின் கையால் விசிறியைத் தூக்கவைத்து, மருந்து அலமாரியின் தலைமேல் ஏற்றச் சொன்னான். அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"பெரியவரே, விசிறி மூஞ்சி ஆளைப் பாத்து இருக்கணும்" என்றார் நாகராசு.

"ஆளைப் பாத்து வச்சா அடிக்குமுங்க. சுவத்துல மோதித் திரும்புற காத்து அடிக்காது, தடவும். பங்காவுல பாத்திருக்கேன். அந்தக் காத்துல காயிதம் அசையாது, வேர்வை மட்டும் காயும்."

விசிறி ஓடியது. எல்லாரும் காத்திருந்தார்கள். தராசு ஆடவில்லை; ஆனால் காற்றும் வரவில்லை. "சுவத்துக்குத்தான் சொகம்" என்றார் சிவசாமி. மூக்கன் விசிறியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, முகத்தைச் சற்று மேலே தூக்கச் சொன்னான். அப்புறம் ராவுத்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நிமிஷம் ஒன்று போயிருக்கும். அவர் தாடி நுனி மெல்ல அசைந்தது. கழுத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தவர், துடைக்காமலே கீழே வைத்தார்.

தராசைத் தூக்கினார். முள் நடுவில் நின்றது.

பிரகதாம்பாள் பூவைப் பொட்டலமாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இப்பத்தான் நெசமா நிறுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராவுத்தர் தராசைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு, "இத்தனை வருசமா தராசு ஆடாம இருந்துச்சே, அது எப்படி?" என்று கேட்டார்.

"தராசுப் பெட்டியைத் தொறக்கிற சத்தம் கேட்டா கயித்தைப் பிடிச்சு நிறுத்திக்குவேனுங்க. மூடுற சத்தம் கேட்டா இழுப்பேன்."

"இதைச் சொன்னதே இல்லையே நீ."

"நீங்க கேட்டதே இல்லைங்களே."

சிவசாமி கணக்கில் நாற்பது ரூபாயைத் தள்ளி எழுதினார். பெரிய விசிறியை வைக்கோலுக்குள் திணித்துக்கொண்டிருந்த நாகராசு எழுந்து வந்தார்.

"காயிதம் பறக்குதுன்னு இந்த ஊர்லயே நாலு கடையில விசிறியைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, பெரியவரே. என்கூட வாங்க. எங்கிட்டு வைக்கணும்னு காட்டுங்க. நாளுக்கு எட்டணா. வித்தா விசிறிக்கு ஒரு ரூவா."

"பெட்டியைத் தூக்கணுமா?"

"அதுக்குக் கூலிக்காரன் இருக்கான். நீங்க கையை நீட்டிக் காட்டுனாப் போதும்."

"எடது கையை நீட்டலாம்ல?" என்று கேட்டான் மூக்கன்.

அடுத்த ஒன்பது நாளும் நாகராசுவோடு நடந்தான். ஒரு ஜவுளிக் கடையில் சின்னது ஒன்றும், ஒரு வக்கீலாபீசில் பெரியது ஒன்றும் விலைபோயின. ஒரு கடைக்காரர் மட்டும் விசிறி தன்னைப் பார்க்காதது மரியாதைக் குறைவு என்று வாங்க மறுத்துவிட்டார். பத்தாம் நாள் காலையில் மூக்கன் ராவுத்தர் கடைக்குப் போய், மடியிலிருந்து ஒரு ரூபாயையும் பத்தணாச் சில்லறையையும் எடுத்து மேசைமேல் வைத்தான்.

ராவுத்தர் அதை எண்ணினார். யாரிடம் வாங்கினாலும் எண்ணுகிறவர்தான் அவர். பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

"தீந்துச்சு மூக்கா" என்றார்.

சிவசாமி மூக்கன் பெயர் இருந்த பக்கத்தை எடுத்து, பேனாவை மையில் தோய்த்து, குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.