ஓடையைத் தாண்டிப் போன கேஸ் பிளாக்

சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கு அறுவடை முடிந்த வாரத்தில், ராய்ஸ் டில்லரியின் துப்பாக்கியில் இருந்த கேஸ் பிளாக் தானாகக் கழன்று, ஓடையைத் தாண்டிப் போய், அவரை விவாகரத்து செய்திருந்த நோரீனின் சமையலறை ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. கார்லின் ஃபோர்க் ஊரில் அந்த வாரம் இதைவிடப் பெரிய பேச்சு, கிழங்கு ஆலையின் எடைமேடை பழுதானதுதான். கேஸ் பிளாக் என்பது கட்டைவிரல் பருமனுள்ள இரும்புத் துண்டு. துப்பாக்கிக் குழலில் இருக்கும் சின்னத் துளையின் மேல் கச்சிதமாக உட்கார்ந்து, வெடிப்பின் வாயுவில் கொஞ்சத்தைப் பின்னால் திருப்பிவிடும். அந்த விசையில் அடுத்த தோட்டா தானே ஏறும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துவிட வேண்டும். மே மாதக் கடைசியில் நடக்கும் மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டியில் அப்படி இழுத்துக்கொண்டு நிற்பவரை ஊர் அடுத்த மே வரைக்கும் விடாது. எண்ணெய்க் கிணறுகளில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ராய்ஸ், தன்னைப் பார்த்து இதுவரை யாரும் சிரித்ததில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

நோரீன் தபால் வண்டி ஓட்டுபவர். காலைச் சுற்றுக்குக் கிளம்பும்போது வழியில் நிறுத்தி, அந்தத் துண்டை ராய்ஸின் பட்டறை மேசையில் டொக்கென்று வைத்தார்.

"உன் சாமான் என் வீட்டுக்கு வந்திருக்கு. உன்னை மாதிரியே, சொல்லாமக் கொள்ளாம."

"இறுக்கித்தானே வெச்சேன்!"

"ரெண்டு குட்டி ஸ்க்ரூவை வெச்சு இறுக்கியிருப்ப. கல்யாண மோதிரத்தையே சோப்பு போடாம கழட்டினவன்தானே நீ."

குட்டி ஸ்க்ரூ யோசனை ஹார்டுவேர் கடை கஸ் ஹானமனுடையது. குழலில் ஸ்க்ரூ முனை பதிகிற இடத்தில் லேசாகக் குழி போட்டு, சூடு தாங்கும் பசையும் வைத்தால் அசையாது என்று கஸ் சத்தியம் செய்ததால், ராய்ஸ் அதையும் செய்து பார்த்தார். கொஞ்ச நாள் அசையவில்லை. பிறகு குழி, பசை எல்லாவற்றையும் மீறி அது மறுபடி ஜன்னல் விளிம்பில் இருந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. பிரெண்டல் வீட்டின் மேல் மட்டும் ஒரு கோடை முழுக்க ஆலங்கட்டி விழுந்தபோதே, காப்பீட்டுக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போன ஊர் அது. ஊருக்குத் தேவைப்பட்டது விளக்கம் அல்ல, அபிப்பிராயம். அது தாராளமாகக் கிடைத்தது. காபிக் கடையில் ராய்ஸ் தொப்பியைக் கழற்றுவதற்குள் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. லூத்தரன் சபை போதகர் லிண்ட்குவிஸ்ட், குழலைச் சுற்றிப் பிடித்து இறுக்கும் கிளாம்ப் கட்சி.

"கட்டிப் பிடிச்ச மாதிரி நிக்கும் ராய்ஸ். குழலுக்கும் காயமில்ல. பிடிக்கலைன்னா கழட்டிக்கலாம்."

"போதகர் பேசுற பேச்சா இது?" என்றார், ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்த எல்டன் ப்ரூயிட். "கழட்டத்தான் போறேன்னா எதுக்குய்யா மாட்டுற? குறுக்கால துளை போட்டுப் பின் அடி. செத்தாலும் நகராது."

பின் என்றால் திரும்ப வழியில்லை. துளை மயிரிழை விலகினாலும் குழல் பழைய இரும்புக்குத்தான் போகும். அந்த 'திரும்ப வழியில்லை' ராய்ஸுக்குப் பிடிக்கவில்லை. வீடு, வேலை, கல்யாணம் எதிலும் கழற்றுவதற்கு ஒரு வழி வைத்தே பூட்டியவர் அவர். ஆகவே கிளாம்ப் போட்டார். கிளாம்ப் சொன்ன சொல் காப்பாற்றியது: குழலை விடவேயில்லை. இந்த முறை பிளாக் குழலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. உறைந்த ஓடையின் மேல் கோடு கிழித்த மாதிரி ஒரு தடம் பனிக்காலம் முழுக்கக் கிடந்தது. ராய்ஸ் குழலைத் தூக்கி வருவதும், மறுபடி இறுக்குவதும், அது மறுபடி போவதுமாகக் குளிர் கழிந்தது. இடையிடையே நோரீன் அதை ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினார். ஒவ்வொரு முறையும் ராய்ஸுக்கு ஒரு கோப்பை காபி கிடைத்தது. இரண்டாவது கோப்பையை அவர் கேட்கவில்லை, நோரீனும் நீட்டவில்லை.

போட்டிக்குச் சில நாள் முன்பு, குழலைக் கக்கத்தில் இடுக்கியபடி ராய்ஸ் வாசலில் நின்றார்.

"பின் அடிச்சிடலாம்னு பாக்குறேன்."

"அடி. என்கிட்ட எதுக்குக் கேக்குற?"

"அடிச்சா கழட்ட முடியாது, நோரீன்."

நோரீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அறுபத்து மூணு வயசுல வந்து பயப்படுற. சரி, அடிக்கிறதுன்னா நேரா அடி. கோணலா அடிச்சுட்டு இங்க வந்து நிக்காத."

துப்பாக்கியை முழுதாகக் கோத்து, பட்டறை மேசையின் இரும்புப் பிடியான வைஸில் இறுக்கி, ராய்ஸ் துளை போட்டார். துளை மயிரிழைகூட விலகவில்லை. பின்னை வைத்துச் சுத்தியலை ஓங்கினார். கடைசி அடியில் பின் உள்ளே இறங்கிய சத்தத்தைத் தெருமுனையில் எல்டன் கேட்டு, தலையாட்டிக்கொண்டாராம். அதே நொடியில் துப்பாக்கி புறப்பட்டது. துப்பாக்கியைப் பிடித்திருந்த வைஸும், வைஸைத் தாங்கிய மேசையும், மேசையைப் பிடித்திருந்த ராய்ஸும் பட்டறைக் கதவு வழியாக வெளியேறி, ஓடையைக் கடந்து, நோரீனின் சமையலறைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். நோரீன் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தார்.

"கதவைத் தட்டிட்டு வர்ற பழக்கமே இல்ல, இல்ல?"

"நிறுத்த முடியல."

"கறி ரெண்டு பேருக்குக் காணாது. முட்டை உடைக்கிறேன், உக்காரு."

துப்பாக்கி அந்த வீட்டு எல்லையை விட்டு நகர மறுத்ததால், போட்டிக் குழுவினர் கூடிப் பேசி, அந்த வருடப் போட்டியை நோரீனின் மேய்ச்சல் நிலத்துக்கு மாற்றினார்கள். ராய்ஸ் ஐந்தாவதாக வந்தார். துப்பாக்கி ஒருமுறைகூடத் திக்கவில்லை. அன்றிலிருந்து ராய்ஸ் ஒழுங்காகப் பூட்டிய எதுவும் அவர் வீட்டில் தங்கவில்லை, எல்லாம் ஓடையைத் தாண்டி நோரீன் வீட்டுக்கே போயின: கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், தபால் பெட்டி. தபால் பெட்டி வந்ததில் நோரீனுக்கு ஒரு நிறுத்தம் மிச்சமானது. தன் வீட்டிலேயே படுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த ராய்ஸ், எல்லாவற்றையும் பாதி இறுக்கத்திலேயே விட்டுவைத்து ஒரு கோடையை ஓட்டினார். பூட்ஸ் கயிற்றைக்கூட முடிச்சுப் போடாமல் தொங்கவிட்டே நடந்தார்.

செப்டம்பரில் ஒரு காலை, படிக்கட்டில் உட்கார்ந்து அவர் இரண்டு பூட்ஸுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கினார். முகச்சவரமும் செய்திருந்தார். ஓடைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அவர் நிமிர்ந்து நின்றபடி நோரீன் வீட்டுப் பக்கமாகக் கடந்து போனதைப் பாலத்தில் தூண்டில் போட்டிருந்த கஸ் பார்த்தார். மீன் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். வளைவுக்கு அப்பால் நிறைய இருக்கிறது என்று ராய்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.