முடியாவிட்டால் பரவாயில்லை

என் தங்கை ஹெஸ்டர் கெட்டிலை மறுபடியும் ஆன் செய்தாள். முதலில் கொதித்த தண்ணீரையே இன்னும் யாரும் எடுக்கவில்லை.

"அப்படி என்னதான் எழுதின, காட்டு."

வில்ஃபுக்கு அனுப்பியதைக் காட்டிப் போனை நீட்டினாள். 'நாளைக்கு அபர்டீன் கிளம்புறதுக்கு முன்னாடி, இன்னைக்கு மதியம் எங்க வீட்ல சாப்பிட வாயேன். முடியலைன்னா பரவாயில்லை.'

ஹெஸ்டரும் வில்ஃபும் ஒரே நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தவர்கள். அவனுக்கு வடக்கே அபர்டீனில் புது வேலை. அவனைப் பிடிக்கும் என்று சொல்ல அவளுக்கு இந்த ஒரு மதியம்தான் மிச்சம்.

"கடைசி வரி எதுக்குடி?"

"மரியாதைக்கு, டில்லி அக்கா."

"அது பிளம்பருக்கு எழுதுறது. வந்தாலும் சரி, வராட்டியும் சரிங்கறப்போ எழுதுறது. நீ காலையிலேருந்து அடுப்பைத் தேய்ச்சுக்கிட்டு இருக்க."

"அது இல்லைன்னா அதிகாரம் பண்ற மாதிரி இருக்காதா?"

எங்கள் வீட்டு நோய் இது. நான் பிறந்த அன்று அம்மா வலியோடு அப்பாவுக்கு, 'அவசரமில்லை, வேலை முடிந்ததும் வாருங்கள்' என்று சொல்லி அனுப்பியவள்.

போன் சிணுங்கியது. வில்ஃபின் பதில்: 'இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, வீட்டு ஆளுங்க மட்டும் இருப்பீங்க. தொந்தரவுன்னா வேண்டாம், பரவாயில்லை.'

"பாத்தியா, வர இஷ்டமில்லை." ஓவனிலிருந்த மாட்டிறைச்சியை வெளியே எடுத்தாள். பிறகு திரும்ப உள்ளே வைத்தாள்.

"அவனும் உன்னை மாதிரிதான் எழுதியிருக்கான், மக்கு. நேரா எழுது."

நின்றுகொண்டே தட்டினாள். 'வா. நீ வரலைன்னா எனக்குக் கஷ்டமா இருக்கும்.' விரல் நின்றது.

"கீழே சின்னதா ஒரு வரி மட்டும்..."

"ஹெஸ்டர்."

அனுப்பினாள். போனை ரொட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். மாடிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

அவள் இரண்டாம் தடவை இறங்கும்போது கதவு தட்டப்பட்டது. வில்ஃப் வீட்டிலிருந்து இங்கே வர அரை மணி நேரமாவது ஆகும். ஆனால் வாசலில் அவன்தான், கையில் ரோஸ்மேரிச் செடித் தொட்டியோடு.

"தெருமுனையிலதான் வண்டியை நிறுத்தியிருந்தேன். ரொம்ப நேரமா."

"அப்புறம் ஏன் வரலை?"

"பரவாயில்லைன்னு எழுதியிருந்தியே. சும்மா மரியாதைக்குக் கூப்பிடுறியோன்னு..."

ஹெஸ்டர் தொட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மண் சட்டையில் ஒட்டியது.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு நான் வர்றேன். அடுத்த மாசம் உன்னைப் பார்க்க அபர்டீனுக்கும் வர்றேன்," என்றாள்.

வழக்கமான அந்தக் கடைசி வரிக்காக நான் காத்திருந்தேன். அவள் எதையும் சேர்க்கவில்லை.