நாலு மீற்றர் நடை

…எப்பவும் நடக்கிற மாதிரி நடங்க என்றால் எப்படி நடப்பது, எப்பவும் நடக்கும்போது யார்தான் அதைக் கவனித்துக்கொண்டு நடக்கிறார்கள், புளோறன்ஸுக்குச் சிரிப்பு வந்தது, எழுபத்திரண்டு வயதில் கொட்டாஞ்சேனைப் பங்கு மண்டபத்தில் நடைச் சோதனை, தரையில் சோக்கால் இரண்டு கோடு, இடையில் நாலு மீற்றர், அந்தப் பக்கம் ஸ்டொப்வோச்சோடு பஹ்மியா மிஸ்… வயது போனவர்களின் கால் எவ்வளவுக்குச் சொல்வழி கேட்கிறது என்று அளக்க நல்ல முறையொன்று தேடுகிறாளாம், தேடட்டும், நல்ல பிள்ளை. கையை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பச் சொன்னாள், எழும்பியாயிற்று, கால்களை ஒட்டிவைத்து ஆடாமல் நிற்கச் சொன்னாள், நின்றாயிற்று, நின்றபடியே பழைய துறைமுகக்காரர் ஹியூபேட்டைப் பார்த்துக் கண்ணும் சிமிட்டியாயிற்று. பன்னிரண்டு புள்ளிக்கு எட்டு எடுத்தால் போதும். எட்டுக்குக் கீழே போனால் மகள் றோஸி ஹெந்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், மம்மி இனித் தனிய இருக்கேலாது என்று… மகள் தங்கமானவள், வீடும் நல்ல வீடு, ஆனால் அங்கே ஜன்னலைத் திறந்தால் மதில், இங்கே மூன்றாம் மாடியில் திறந்தால் கப்பல். புளோறன்ஸ் போகமாட்டாள், அவ்வளவுதான்.

"வாங்க அன்ரி, நடங்க," என்றாள் பஹ்மியா. நடந்தாள், அந்தக் கோட்டில் நின்றாள், கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து மிஸ்ஸிடம் நீட்டினாள்… மாதாவே, இதை ஏன் எடுத்தேன். மண்டபம் சிரித்தது, எல்லாரிலும் கூடச் சிரித்தவர் ஹியூபேட். "சிரிக்காதேயும், நீரும் கையைத் தூக்கிக்கொண்டுதானே நடந்தனீர்," என்றாள். பஹ்மியா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்பது செக்கன், நடைக்கு ஒரு புள்ளி, மொத்தம் ஏழு. ஏழு… ஒரு புள்ளியில் ஹெந்தளையா? "அன்ரி, இங்க ஆமிக்காரங்க ஒருத்தரும் இல்லயே," என்றாள் பஹ்மியா மெல்ல, கொம்பனித்தெருவில் அளந்தபோதும் எல்லாரும் இப்படித்தான் மெதுவாய் நடந்தார்களாம், கால் பிழையோ அளக்கிற விதம் பிழையோ என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். பிறகு சோக்குக் கோட்டைக் காலால் அழித்தாள், தேத்தண்ணி மேசையை அளவு நாடா பிடித்து எங்கேயோ இழுத்து வைத்தாள், "ஆறப்போகுது, போய் எடுத்துக்கோங்க," என்றாள். ஹியூபேட் முந்துவதற்குள் புளோறன்ஸ் போனாள், சீனி கூடின கோப்பை எதுவென்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் மிஸ்ஸின் கையில் கடிகாரம். "நாலரை," என்றாள், "நாலு மீற்றர்தான் அன்ரி, நாலு புள்ளி. இனி எல்லாரையும் இப்படித்தான் அளக்கணும்."

பத்து, பன்னிரண்டுக்குப் பத்து, கடதாசியை றோஸியின் மூக்குக்கு நேரே நீட்டவேண்டும், சந்தோசம் தாங்கவில்லை, வெயில்கூட நல்லாய்த்தான் இருந்தது. சந்தி வந்தது, மண்மூட்டைகள், தடுப்பு, ஆமிக்காரன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான், "யன்ன அம்மே," என்று கையைக் காட்டினான், போகச் சொல்லிவிட்டான், ஆனால் சந்திக்கு முன்னால் லொத்தர்ச் சீட்டுக் கடையடியிலேயே அவள் நடை குறைந்திருந்தது, கையும் பைக்குள் போயிருந்தது, யாரும் சொல்லவில்லை. கால் சொல்வழி கேட்கத்தான் செய்கிறது, யாருடைய சொல்… தடுப்பைத் தாண்டி வேகமாய் நடந்து பார்த்தாள், வந்தது, நல்லாய் வந்தது, முதலாம் மாடி, இரண்டாம் மாடி, மூச்சும் வாங்கவில்லை. கதவைத் திறந்தாள், ஜன்னலைத் திறந்தாள், கப்பல் நின்றது. ஒன்பதும் இந்தக் கால்தான், நாலரையும் இந்தக் கால்தான்… அப்படியானால் ஒவ்வொரு நாலு மீற்றருக்கும் நாலரைச் செக்கன் பறிபோயிருக்கிறது, இத்தனை வருசமாய், அதெல்லாம் யாரிடம் போய்ச் சேர்ந்தது?