பூண்டு நாறும் கல்

“வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?” என்று பியாட்ரிஸ் டீச்சர் ஒருநாள் வகுப்பே பார்க்க ரத்தினம்மாவைக் கேட்டாள். ரத்தினம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. தங்கச் சுரங்கத்து மேட்டில் கல் உடைக்கும் பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள். கல் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

இப்போது அவள் மடியில் நைனாவின் தலை கிடந்தது. அவளைப் பெற்ற காத்தவராயனுக்கு மூச்சு, துருப்பிடித்த இரும்பில் அரம் இழுப்பதுபோல வந்துகொண்டிருந்தது. பூமிக்குள் துளை போட்டே மார்பு முழுக்கத் தூசி ஏறிப்போன ஆள். கஞ்சி இறங்காமல் போய் நாளாகிவிட்டது. உயிர் மட்டும் போவேனா என்று நின்றது. வெளியே சாலையோரம், கரண்டு விளக்கு வரப்போகிறதென்று கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடப்பாரைச் சத்தம் தட்டி வீட்டுக்குள் கேட்டது.

“தங்கம் வெட்ன கட்டை. ஒரு பொட்டு தங்கம் உரசி பால்ல ஊத்துனாதான் அடங்கும்” என்றாள் கூடியிருந்தவர்களில் ஒரு கிழவி. ரத்தினம்மாவின் அம்மா தாயம்மா புருஷனின் காலைப் பிடித்தபடி நிமிராமல் இருந்தாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான்.

அப்போதுதான் ஏகாம்பரம் மேஸ்திரி உள்ளே வந்தார். தாயம்மாவின் அண்ணன். குடியாத்தத்திலிருந்து காத்தவராயனை ரயிலேற்றிக் கூட்டிவந்து சுரங்கக் கூண்டில் இறக்கிவிட்டவர். தலையில் அந்தச் சிவப்புத் தலைப்பாகை. அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. வாசல் தட்டியை இழுத்துச் சாத்திவிட்டு, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார்.

உள்ளே எலுமிச்சை அளவில் ஒரு கல். மஞ்சளாகப் பளபளத்தது.

“எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, நான் ஜெயிலுக்குதான் போவணும்” என்றார். “சொரங்கத்துலேர்ந்து ஒளிச்சு எடுத்தாந்து அடுப்புக்கடியில பொதைச்சு வெச்சிருந்தேன். பொண்ணு கல்யாணத்துக்குன்னு. இவன இங்க கூட்டியாந்தவன் நானு. வழியனுப்பறதும் நான்தான் அனுப்பணும்.”

தாயம்மா அழுதாள். “அண்ணா, உனக்கு இன்னா மனசு!”

ஓட்டாஞ்சில்லில் பாலை விட்டு, கல்லை அழுத்தி உரசினார். பால் சாம்பல் நிறமாயிற்று. ரத்தினம்மாவின் மூக்கில் மெல்லிய வாடை ஒன்று வந்து தட்டியது.

மேட்டில் கிடக்கும் பளபளப்பெல்லாம் அவளுக்கு ஆளைத் தெரிவதுபோலத் தெரியும். பித்தளை நிறத்தில் சதுரம் சதுரமாக ஒன்று; கத்தி அதைக் கீறாது, சுத்தியல் பட்டால் பொறி பறக்கும். அதைவிட மஞ்சளாக, மயில்கழுத்து நிறம் ஓடியது இன்னொன்று. அது கத்திக்கு மசியும். வெங்கச்சாங்கல்லும் கருங்கல்லும் ஒட்டுகிற ஓரத்தில் ஊசி ஊசியாகப் படர்ந்திருப்பதுதான் பொல்லாதது. உடைத்த அன்று தகரம்போல வெளுப்பாக இருக்கும். காற்றுப்பட்டுக் கிடந்தால் மேலே மஞ்சள் பூத்துவிடும்.

ஏகாம்பரம் சாம்பல் நிறப் பாலைப் பாலாடையில் ஊற்றிக் காத்தவராயனின் உதட்டருகே கொண்டுபோனார்.

ரத்தினம்மா தன் உள்ளங்கையால் நைனாவின் வாயை மூடினாள்.

“கைய எடு கழுத.”

“ஊத்தாதீங்க மாமா.”

யார் பேசியது என்று சிலர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

“அது தங்கமில்ல மாமா. வெஷம்.”

“இன்னாது?” மேஸ்திரிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. “கூண்டுல எறங்கி எறங்கி முடி நரைச்சவன் நானு. மேட்ல குந்திகினு கல்லு ஒடைக்கிற சிறுக்கி எனக்குச் சொல்ல வந்துட்டியா?”

“கறுப்பா எறங்குது, பாருங்க. தங்கம் கறுப்பா எறங்காது.”

“மண்ணுல கெடந்த அழுக்குடி அது!”

“அப்போ கழுவிட்டு உரசுங்க.”

அவள் குரல் நடுங்கியது, நிற்கவில்லை. நைனாவின் தலையைத் தலையணைக்கு மாற்றிவிட்டு, தன் கல் கூடையிலிருந்து உடைந்த ஊறுகாய் ஜாடியின் அடியை எடுத்துவந்தாள். மெருகில்லாத சொரசொரப்புப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். அவர் கல்லைக் கழுவி, துடைத்து, உரசினார். கரிக்கோடு.

பக்கத்து வீட்டு மரியகுழந்தை காதிலிருந்து கம்மலைக் கழற்றி நீட்டினாள். “இந்தாடி, இத்த இழு. எங்க ஆத்தா போட்டது. இதுவும் கறுத்துச்சுன்னா எங்க ஆத்தாவ நாளைக்கி கல்லறைல போய்க் கேட்டுக்கறேன்.”

முடியளவு மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.

ஏகாம்பரம் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “தங்கத்துல எத்தினியோ தினுசு கீது” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“தங்கம்னா அடிச்சா நசுங்கும் மாமா, ஒடையாது” என்று சுத்தியலை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. கல்லைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். “நீயே அடி.”

ஒரே அடி. கல் நாலாகத் தெறித்தது. உள்ளே மஞ்சள் துளிகூட இல்லை, தகரத்து வெளுப்பு. அதோடு, வாணலியில் தீய்ந்ததுபோலப் பூண்டு நாற்றம் வீடு முழுக்க எழுந்தது.

“யேசுவே!” என்று மரியகுழந்தை மூக்கைப் பொத்தினாள். “எங்க ஆட்டக் கொன்ன நாத்தம்டி இது! கல்லு சுடற கொட்டாய் செவுத்த நக்கிட்டு, பொழுது சாயறதுக்குள்ள வெறைச்சுப் போச்சே!”

யாரோ வாசல் தட்டியைத் திறந்தார்கள்; கூட்டம் பின்வாங்கியது. தாயம்மா பாலாடையைத் தட்டிவிட்டாள்.

அந்தச் சந்தடியில் காத்தவராயனின் இமை அசைந்தது. நாலு நாளாகப் பேசாத வாய்.

“யாரு... பேசறது?”

“நம்ம ரத்தினாதாங்க” என்றாள் தாயம்மா.

அவர் உதட்டில் ஏதோ ஓடியது. சிரிப்புத்தான். “இன்னும்... பேசச் சொல்லு.”

மரியகுழந்தை கம்மலை நல்ல பாலில் உரசிக் கொடுத்தாள். ரத்தினம்மா சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். தொண்டை ஏறி இறங்கியது. ஊற்றிக்கொண்டே பேசினாள். சதுரக்கல்லைப் பற்றி, மயில்கழுத்துக் கல்லைப் பற்றி, காந்த ஊசியைத் தன் பக்கம் திருப்பும் பழுப்புக்கல்லைப் பற்றி. எது எந்தப் பாறையை ஒட்டி வரும், எதைக் கண்டால் தங்கம் கிட்டத்தில் இருக்கும் என்றெல்லாம் சொன்னாள். வெட்கமே வரவில்லை. வாசலில் நின்ற ஆண்கள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். கம்பம் நடுகிறவர்களில் ஒருவன் கடப்பாரையைச் சாய்த்துவிட்டு வந்து நின்றான்.

பகல் ஷிப்ட் முடியும் சங்கு ஊதியபோது அரம் இழுக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. நைனாவின் கண் அவள் பக்கமே திரும்பியிருந்தது. அவள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்தாள். பிறகு அந்தக் கண்ணை மூடிவிட்டாள்.

தாயம்மா புருஷனின் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒப்பாரியின் முதல் அடியை ரத்தினம்மாதான் எடுத்தாள். அவளைவிட மூத்த பெண்கள் அவளைப் பின்தொடர்ந்து பாடினார்கள். குரல் மூன்று தெருவுக்குக் கேட்டது.

ஏகாம்பரம் மேஸ்திரி மூலையில் குந்தியிருந்தார். மெல்லத் தலைப்பாகையை அவிழ்த்தார். கல்லின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஆடு கோழி நக்கிவிடாதபடி, பாய்க்கடியில் கிடந்த பொடியையும் விரலால் வழித்து எடுத்தார். சிவப்புத் துணியில் எல்லாவற்றையும் வைத்து இறுக்கி முடிந்தார். வாசலில் கூட்டம் விலகி வழிவிட்டது. வெறுந்தலையோடு, புதுக் கம்பங்களின் ஓரமாகவே அவர் நடந்து போனார்.