ஸஜாத் தின்ற பகல்சோறு

பெர்மிட் இல்லாமல் மணல் ஏற்றிய குற்றத்துக்கு உள்ளே போன ஸஜாத், அங்கே இன்னொரு கைதியைக் குத்திக் கொன்றான் என்று கொலைகாரனாகிவிட்டான். கோழி அறுக்கவே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவன்! தீர்ப்பு தூக்கு. தூக்கில் போடாவிட்டாலும் சாகும்வரை உள்ளேதான். மேன்முறையீடு கொழும்பில் கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சட்டத்தரணி நஸ்லினிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கொலை நடந்தது நோன்பு மாதத்தில், பகல் பன்னிரண்டே காலுக்கு. அந்நேரம் நோன்போடு தனியாக மூலையில் இருந்து குர்ஆன் ஓதியதாக ஸஜாத் சொன்னான். அதைக் கண்டவர் யாருமில்லை. கொன்றதைக் கண்டேன் என்று சொல்ல மட்டும் ஒருவன் இருந்தான்.

இப்படியிருக்க, ஒருநாள் ஸஜாத்தின் மனைவி றாஹிலாவைத் தேடி யாகோப்பு வந்தார். சிறைக் குசினியில் வேலைசெய்து விடுதலையானவர்.

"தங்கச்சி, கோவிக்கப்படாது. அந்த நேரம் உங்கட மனிசன் குசினிக்குள்ள என்னோட இருந்து சோறு திண்டவர்."

"நோன்புக்கா?"

"ஓம். மீன்கறியும் சோறும். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவர். ஆரிட்டயும் சொல்லப்படாதெண்டு மாதா மேல சத்தியம் வாங்கிப்போட்டார். தூக்கெண்டு நேத்துத்தான் கேள்விப்பட்டன்."

றாஹிலாவுக்கு முதலில் வந்தது கோபம். சந்தோசம் அதற்குப் பிறகுதான் வந்தது.

றாஹிலா போய்ச் சொன்னதும் நஸ்லின் துள்ளிக் குதித்தாள். பகல்சாப்பாட்டுக்கு நேரம் போட்டு ஒப்பம் வைக்கிற புத்தகம் குசினியில் இருக்குமாம். ஆனால் ஸஜாத் முதலில் உண்மையை எழுதிச் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும்.

பார்வையிடும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஸஜாத் மாட்டேன் என்றான்.

"மாமாட காதுல விழுந்தா என்ன கதி?"

மாமா என்றால் றாஹிலாவின் வாப்பா, அப்துல் ஸமட். பள்ளிவாசல் தலைவர். ஊர் வழக்கப்படி ஸஜாத் குடியிருந்ததும் அவர் மகளுக்குக் கொடுத்த வீட்டில்தான். செயிலுக்குள்ளும் முப்பது நோன்பும் பிடிக்கிறேன் என்று இவன் கடிதம் போட, அவர் அதை அட்டாளைச்சேனை வரைக்கும் சொல்லித் திரிந்துவிட்டார்.

"தூக்குக் கயித்துக்குப் பயமில்ல, எங்கட வாப்பாக்குப் பயமா?"

"ஓம். செயில்ல மாமா இல்லயே!"

பற்றிக்கொண்டு வந்தது றாஹிலாவுக்கு. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வாப்பாவிடம் கொட்டிவிட்டாள். அவர் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

"எண்ட மருமகன் செயில்ல நோன்பு புடிக்காரெண்டு உங்க எல்லாரிட்டயும் பெருமையடிச்சன். அது பொய். அவர் பகல்ல சோறு திண்டிருக்காரு. கொல நடந்த நேரமும் திண்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. நான் என்ன சொல்லுவனோ எண்டு பயந்து வாய மூடிட்டாரு. குத்தம் என்னிலதான். துஆச் செய்யுங்க."

அடுப்படியில் நின்ற றாஹிலா விம்மி விம்மி அழுதாள். ஊர் முன்னால் வாப்பா தலைகுனிந்து அவள் கண்டதேயில்லை.

அடுத்த கிழமை கம்பியோரம் போய்ச் சொன்னாள்: "இனி மறைக்கிறத்துக்கு ஊர்ல ஆரும் மிச்சமில்ல. கையெழுத்த வைங்க."

வைத்தான். யாகோப்பும் சத்தியம் செய்தார். குசினிப் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு நேரே, பன்னிரண்டு பத்துக்கு, ஸஜாத்தின் கோணல் ஒப்பம் இருந்தது. தீர்ப்பு இரத்தானது.

அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பகல் நேரம். எல்லாரும் சேர்ந்துண்ணும் சஹன் தட்டில் சோறு வைத்திருந்தது. ஸஜாத் வாசல்படியைத் தாண்டாமல் தலைகுனிந்து நின்றான். அப்துல் ஸமட் கையைக் கழுவிவிட்டு சஹனின் ஒரு பக்கம் உட்கார்ந்தார்.

"எத்தின நோன்பு விட்டீங்க, மகன்?"

"இருபத்தொண்டு, மாமா."

"விட்டதெல்லாத்தையும் கழாப் புடிங்க. நானும் உங்களோட இருபத்தொண்டு புடிக்கன். உங்களப் பயப்படுத்தினத்துக்கு." மீனின் நடுத்துண்டை அவன் பக்கம் தள்ளிவிட்டார். "இப்ப வந்து தின்னுங்க."